வயிற்றுத் திசு மடலில் இரத்த ஓட்டம்: திட்டமிடுவதிலிருந்து வார்டில் கண்காணிப்பது வரை முழுமையான வழிகாட்டி

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றிய பிறகு, அடிவயிற்றுத் தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் எடுத்துப் புதிய மார்பகம் அமைப்பது இன்று பரவலாக நடக்கிற அறுவை சிகிச்சை. அப்படி எடுத்து வைக்கிற தோலும் கொழுப்பும் சேர்ந்த பகுதிதான் திசு மடல். தியேட்டரில் எல்லோரும் அதை ஃபிளாப் என்றுதான் சொல்வார்கள். மார்பகத்தின் வடிவம் எப்படி வரும், தழும்பு எங்கே விழும் என்பதெல்லாம் அப்புறம். முதலில் மடல் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு இரத்தம் உள்ளே போக வேண்டும், போன இரத்தம் வெளியே வரவும் வேண்டும்.

இரண்டாவது பாதி பல நேரங்களில் கவனிக்கப்படாமல் போகிறது. தமனி துடிக்கிறதா, டாப்ளரில் (இரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கிற கருவி) சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதில் இருக்கிற அக்கறை, சிரை எப்படி வடிகிறது என்று பார்ப்பதில் இருப்பதில்லை. ஆனால் மடலுக்கு ஆபத்து வரும்போது தமனி அடைபடுவதைவிடச் சிரை அடைபடுவதே அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்கப் போகிறோம்: இரத்தம் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது?

பிளாஸ்டிக் சர்ஜரி பயிற்சியில் இருப்பவர்களையும் வார்டில் மடலைக் கண்காணிக்கிற செவிலியர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது. இந்தச் சிகிச்சைக்குத் தயாராகிறவர்களும் தங்கள் உடம்பில் என்ன நடக்கப்போகிறது என்று விவரமாகத் தெரிந்துகொள்ள விரும்பினால் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் முடிவுகளை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

படி 1: வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

அடிவயிற்றின் தோலுக்கு இரத்தம் வருகிற முக்கிய வழிகள் மூன்று.

முதலாவது, ஆழ்ந்த கீழ் எபிகாஸ்ட்ரிக் தமனி. இனி இதை ஆழத் தமனி என்று சுருக்கிச் சொல்கிறேன். கவட்டைத் தசைநாருக்குச் சற்று மேலே வெளி இலியாக் தமனியிலிருந்து இது பிரிகிறது. வயிற்றின் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் செங்குத்தாக ஓடுகிற நேர்தசையின் பின்புறமாக ஏறி, தசைக்குள் நுழைந்து கிளை விடுகிறது. சிலருக்கு ஒரே தண்டாகவே போகும், பலருக்கு இரண்டாகப் பிரியும், சிலருக்கு மூன்றாக. அந்தக் கிளைகளிலிருந்து சிறு நாளங்கள் தசையையும் அதன் உறையையும் துளைத்துக்கொண்டு கொழுப்புக்கும் தோலுக்கும் வருகின்றன. இவற்றுக்குத்தான் பெர்ஃபரேட்டர் என்று பெயர். தொப்புளைச் சுற்றி ஒரு சில சென்டிமீட்டருக்குள் பெரிய பெர்ஃபரேட்டர்கள் கூடியிருக்கும். நடுக்கோட்டுக்கு அருகில் உள்வரிசை, தள்ளி வெளிவரிசை என்று இரண்டு வரிசைகளாக இவை அமைந்திருக்கும்.

இரண்டாவது, மேல் எபிகாஸ்ட்ரிக் தமனி. மார்பெலும்பின் பக்கவாட்டில் இறங்குகிற உள் மார்புத் தமனியின் தொடர்ச்சி இது. மேலிருந்து இறங்கி, தொப்புளுக்கு மேற்பட்ட பகுதியில் ஆழத் தமனியின் கிளைகளோடு மிகக் குறுகலான நாளங்கள் வழியாக இணைகிறது.

மூன்றாவது, தோலுக்கு அருகிலேயே ஓடுகிற மேலோட்டக் கீழ் எபிகாஸ்ட்ரிக் தமனி. தொடைத் தமனியிலிருந்து கிளம்பி, தசையைத் தொடாமல் கொழுப்பு வழியாகவே மேலேறுகிறது. இது எல்லோருக்கும் இருப்பதில்லை. இருந்தாலும் பலருக்கு நூலிழை போல மெலிந்து, தைத்து இணைக்கவே முடியாத அளவில் இருக்கும்.

இப்போது சிரைகள். இங்கேதான் நன்றாக நிதானிக்க வேண்டும். தமனி விஷயத்தில் அடிவயிற்றுத் தோல் பெரும்பாலும் ஆழத் தமனியை நம்பியிருக்கிறது. சிரை விஷயத்தில் அப்படி இல்லை. அந்தத் தோலின் இரத்தம் இயல்பாக வடிவது மேலோட்டக் கீழ் எபிகாஸ்ட்ரிக் சிரை வழியாக. ஆழத் தமனியோடு கூடவே ஓடுகிற இரட்டைச் சிரைகளுக்கு இயல்பு நிலையில் இதில் பங்கு குறைவு. ஆனால் ஆழத் தமனியை நம்பி மடலை எடுக்கும்போது மேலோட்டச் சிரையை வெட்டிவிடுகிறோம். அதுவரை மேலே வடிந்துகொண்டிருந்த இரத்தம், இனி பெர்ஃபரேட்டரை ஒட்டியுள்ள சின்னச் சிரைகள் வழியாக ஆழத்துக்குத் திரும்பிப் போயாக வேண்டும். இந்த இரண்டு சிரை அமைப்புகளையும் இணைக்கிற நாளங்கள் நல்ல பருமனில் இருந்தால் மடல் சில நிமிடங்களில் பழகிக்கொள்ளும். இல்லாவிட்டால் தமனி எவ்வளவு அருமையாகத் துடித்தாலும் மடல் நீலம் பாரிக்கும்.

படி 2: எந்த மடல், எந்த வழியை நம்புகிறது?

பெயர்கள் குழப்பமாகத் தோன்றும். எந்த நாளத்தை நம்பி எடுக்கிறோம், தசையை எவ்வளவு எடுக்கிறோம் என்ற இரண்டையும் பார்த்தால் தெளிவாகிவிடும்.

1982-இல் கார்ல் ஹார்ட்ராம்ப் குழுவினர் விவரித்த டிராம் மடலில், நேர்தசையை மேல்முனையில் வெட்டாமல் வைத்துக்கொண்டு, அதோடு சேர்ந்த அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் மார்புக்குச் சுரங்கம் போட்டுத் திருப்புவார்கள். நுண்ணோக்கி வேண்டாம், நாளத்தைத் தைத்து இணைக்க வேண்டாம். ஆனால் இரத்தம் மேல் எபிகாஸ்ட்ரிக் தமனி வழியாக வந்து, அந்தக் குறுகலான இணைப்பு நாளங்களைத் தாண்டித்தான் அடிவயிற்றுத் தோலை அடைய வேண்டும். அதாவது, இயல்பாக ஓடுகிற திசைக்கு எதிர்த்திசையில். அதனால்தான் இந்த மடலின் ஓரங்கள் மற்றவற்றைவிட எளிதில் வாடுகின்றன.

அதே தசையை முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ ஆழத் தமனியோடு சேர்த்து அறுத்தெடுத்து, மார்பில் உள்ள நாளத்தோடு இணைத்தால் அது ஃப்ரீ டிராம். இதில் இரத்தம் நேர்வழியில் வருகிறது.

தசையை அங்கேயே விட்டுவிட்டு, பெர்ஃபரேட்டரை மட்டும் தசைக்குள்ளிருந்து பிரித்தெடுத்தால் அது டீப் மடல். 1989-இல் ஜப்பானின் இசாவோ கோஷிமாவும் சக ஆய்வாளரும் தசையில்லாத இந்த மடலை விவரித்தார்கள். 1994-இல் ராபர்ட் ஆலன் தன் சக ஆய்வாளரோடு அதை மார்பக மறுசீரமைப்புக்குப் பயன்படுத்தியதை வெளியிட்டார். வயிற்றுச் சுவரின் வலிமை பெருமளவு காப்பாற்றப்படுவதால் இன்று பல இடங்களில் இதுவே முதல் தேர்வு. ஆனால் முழு மடலும் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று பெர்ஃபரேட்டர்களை நம்பியிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

மேலோட்டத் தமனியை நம்பி எடுத்தால் தசையுறையைக்கூடத் தொட வேண்டியதில்லை. வயிற்றுக்கு இதைவிட நல்லது வேறில்லை. தமனி போதிய பருமனில் கிடைப்பதுதான் சிக்கல்.

படி 3: மண்டலங்களைப் புரிந்துகொள்ளுங்கள்

மடலின் எல்லாப் பகுதிக்கும் இரத்தம் ஒரே அளவில் போவதில்லை. ஹார்ட்ராம்ப் மடலை நான்கு மண்டலங்களாகப் பிரித்தார். தமனி இருக்கிற தசைக்கு நேர்மேலே உள்ளது 1. நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கத் தசைக்கு மேலே உள்ளது 2. தமனி இருக்கிற அதே பக்கத்தின் வெளிப்பகுதி 3. மறுபக்கத்தின் கடைக்கோடி 4. இரத்தம் இந்த வரிசையில் குறைந்துகொண்டே போகும் என்பது அவர் கணிப்பு.

2006-இல் ஹோல்ம் குழுவினர் ஒளிரும் சாயத்தைச் செலுத்திப் பார்த்தபோது, 2-க்கு முன்பே 3-க்குச் சாயம் போய்ச் சேர்வதைக் கண்டார்கள். அதாவது, நடுக்கோட்டைத் தாண்டுவதைவிட அதே பக்கத்தின் ஓரத்துக்குப் போவது இரத்தத்துக்கு எளிது.

சரி, இரண்டில் எதை நம்புவது? பதில் பெர்ஃபரேட்டரைப் பொறுத்தது. வெளிவரிசைப் பெர்ஃபரேட்டரைத் தேர்ந்தெடுத்தால் இரத்தம் பெரும்பாலும் அதே பக்கத்தில் நின்றுவிடும். ஹோல்ம் சொன்ன வரிசை பொருந்தும். உள்வரிசையைத் தேர்ந்தெடுத்தால் நடுக்கோட்டைத் தாண்டுவது எளிது. ஹார்ட்ராம்ப் சொன்னதற்கு அருகில் வரும். ஆகவே மண்டல எண்களை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில் பயனில்லை. எந்தப் பெர்ஃபரேட்டர் என்று தெரிந்த பிறகே மண்டலத்தை வரைய வேண்டும். 4-ஆம் மண்டலத்தைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்: ஒருபக்கத் தமனியை மட்டும் நம்பும் மடலில் அதைப் பெரும்பாலும் வெட்டி ஒதுக்கிவிடுவதே நல்லது.

இதற்கு அடிப்படையான கருத்து ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லருடையது. உடலை, ஒவ்வொரு மூலத் தமனியும் ஊட்டுகிற முப்பரிமாணப் பகுதிகளாக அவரும் பால்மரும் 1987-இல் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே குறுகலான இணைப்பு நாளங்கள் இருக்கின்றன. இரத்தம் தன் பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்கு ஒரு இணைப்பைத் தாண்டிப் பொதுவாகப் பத்திரமாகப் போய்விடும். அதையும் தாண்டி இரண்டாவது இணைப்பைக் கடக்க வேண்டியிருந்தால் நம்பிக்கை குறைகிறது. இந்த நாளங்கள் நெருக்கடி வந்தால் விரியும், ஆனால் அதற்கு 2 முதல் 3 நாள் ஆகும். டிராம் மடலில் சில நேரம் 1 அல்லது 2 வாரம் முன்கூட்டியே ஆழத் தமனியைக் கட்டிவிடுவது இதற்காகத்தான். பிரதான அறுவைக்கு வரும்போது இணைப்பு நாளங்கள் விரிந்து தயாராக இருக்கும்.

படி 4: வயிற்றைப் பாருங்கள், வரலாற்றைக் கேளுங்கள்

படம் எடுக்கும் முன் கண்ணால் பார்த்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு தழும்பும் ஏதோ ஒரு நாளம் வெட்டப்பட்டதற்கான சாட்சி.

சிசேரியனுக்குப் போடுகிற கிடைமட்டத் தழும்பு பெரும்பாலும் ஆழத் தமனியைத் தொடுவதில்லை. ஆனால் மேலோட்டத் தமனியும் சிரையும் வெட்டுப்பட்டிருக்கலாம். நடுவயிற்றில் செங்குத்தான தழும்பு இருந்தால் இரத்தம் நடுக்கோட்டைத் தாண்டாது என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்: பாதி மடல் போதுமா, அல்லது இரு பக்க நாளங்களையும் இணைக்க வேண்டுமா என்று. விலா எலும்புக்குக் கீழே சரிவாகப் போகிற பித்தப்பைத் தழும்பு மேல் எபிகாஸ்ட்ரிக் தமனியை அறுத்திருக்கும், எனவே அந்தப் பக்கத் தசையை மேல்முனையில் வெட்டாமல் திருப்புகிற டிராம் கூடாது. மடலை எடுத்த பிறகு வயிற்றை மூடப் பயன்படும் மேல்வயிற்றுத் தோலுக்கும் அந்தத் தழும்பு இடைஞ்சல். வயிற்றுத் தோலை இறுக்கும் அறுவை ஏற்கெனவே நடந்திருந்தால் பெர்ஃபரேட்டர்கள் போயிருக்கும். இந்த மடலை மறந்துவிட்டு வேறு இடம் பார்ப்பதே முறை.

அடுத்து, புகை. நிகோட்டின் சிறு நாளங்களைச் சுருக்குகிறது. மடலின் ஓரமும் மார்புத் தோலும் வயிற்றுத் தையலும் இதனால் பாதிக்கப்படுகின்றன. குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். நிகோட்டின் பேட்ச், சூயிங் கம் பற்றியும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவற்றிலும் இருப்பது அதே நிகோட்டின்தான். இரத்தம் எளிதில் உறையும் குடும்ப வரலாறு, முன்பு காலில் இரத்தக்கட்டி வந்தது, அடிக்கடி கருச்சிதைவு, டாமாக்ஸிஃபென் மாத்திரை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். "வேற ஏதாவது நோய் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் இவை வெளியே வராது.

இதய நோயையும் கேட்டுக் குறித்து வையுங்கள். ஏன் என்பது கடைசியில் வரும்.

படி 5: வரைபடம் தயாரியுங்கள்

கையடக்க டாப்ளரைத் தோலில் வைத்துப் பெர்ஃபரேட்டரைத் தேடுவது பழைய, மலிவான முறை. கீழே ஓடுகிற வேறு நாளத்தின் சத்தமும் அதில் கேட்பதால் இல்லாத இடத்தில் இருப்பதாகத் தோன்றும். சாயம் செலுத்தி நாளங்களைப் படம் பிடிக்கிற சி.டி. ஆஞ்சியோகிராம் இந்த வேலையை மாற்றிவிட்டது. மல்லாந்து படுத்த நிலையில், அதாவது அறுவை மேசையில் இருக்கப் போகிற அதே நிலையில், வயிற்றை இறுக்கும் உடையோ பெல்ட்டோ இல்லாமல், மூச்சைப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். அயோடின் கலந்த சாயம் போடுவதால் சிறுநீரகச் செயல்பாட்டையும் ஒவ்வாமையையும் முதலில் பார்த்துவிடுங்கள். சாயம் கூடாதவர்களுக்கு வண்ண டாப்ளர் ஸ்கேன் கைகொடுக்கும்.

படம் கையில் வந்ததும் தொப்புளைப் பூஜ்ஜியமாக வைத்துக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு பெரிய பெர்ஃபரேட்டரும் தசையுறையைத் துளைக்கிற இடத்தை "வலப்பக்கம் 3 செ.மீ., கீழே 1 செ.மீ." என்பதுபோல எழுதுங்கள். அறுவை நாளன்று அதையே தோலில் வரையலாம். பிறகு ஒவ்வொன்றையும் பின்தொடருங்கள். துளைக்கிற இடத்தில் அதன் விட்டம் என்ன, தசைக்குள் எவ்வளவு தூரம் ஓடுகிறது, கொழுப்பில் ஏறிய பிறகு எந்தப் பக்கம் கிளை விடுகிறது?

பலர் இதோடு படத்தை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். மேலோட்டச் சிரை எவ்வளவு பருமன், நீங்கள் தேர்ந்தெடுத்த பெர்ஃபரேட்டரின் சிரையோடு அதற்கு நேரடி இணைப்பு தெரிகிறதா, நடுக்கோட்டைத் தாண்டி ஒரு சிரையாவது போகிறதா என்று பாருங்கள். பெரிய தமனியுள்ள பெர்ஃபரேட்டர் ஒன்று, சற்றுச் சிறிய தமனியும் நல்ல சிரை இணைப்பும் உள்ளது இன்னொன்று. இரண்டுக்கும் இடையே தேர்வு வந்தால், என் கை இரண்டாவதன் பக்கமே போகும்.

படி 6: பெர்ஃபரேட்டரைத் தேர்ந்தெடுத்தல்

குழாயில் ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நீளமும் அழுத்தமும் மாறாமல் இருந்தால், விட்டம் 2 மடங்கானால் ஓட்டம் 16 மடங்காகும். 2 மி.மீ. பெர்ஃபரேட்டர் ஒன்று கொண்டுவருவதைக் கொண்டுவர 1 மி.மீ. பெர்ஃபரேட்டர்கள் 16 வேண்டும். இரத்தம் தண்ணீரைப் போன்ற எளிய திரவம் இல்லை, நாளமும் விறைத்த குழாய் இல்லை. ஆனாலும் திசை சரிதான். நிறையச் சின்னவற்றைச் சேர்ப்பதைவிட ஒரு பெரியது மேல்.

எப்போது ஒன்று போதாது? மடல் கனமாக இருக்கும்போது, நடுக்கோட்டைத் தாண்டிய பகுதியும் தேவைப்படும்போது, கிடைத்த மிகப் பெரியதே சுமாராக இருக்கும்போது. அப்போது ஒரே வரிசையில் நேராக அமைந்த இரண்டை எடுத்தால் தசையை இழை பிரிந்த திசையிலேயே விலக்கலாம், நரம்பும் தப்பும். வெளிவரிசையில் வேலை செய்யும்போது தசைக்குப் போகும் இயக்க நரம்புகள் குறுக்கே வரும். அவற்றை அறுத்தால் பிறகு வயிறு புடைக்கும். எந்தப் பெர்ஃபரேட்டரும் மனத்துக்குத் திருப்தி தராவிட்டால் தசையில் ஒரு பட்டையைச் சேர்த்து எடுத்து ஃப்ரீ டிராமாக மாற்றுங்கள். அதில் தோல்வி ஒன்றும் இல்லை. வயிற்றுச் சுவரில் கொஞ்சம் இழந்தாலும் மடல் பிழைப்பது முக்கியம்.

படி 7: மேலோட்டச் சிரையைக் காப்பாற்றுங்கள்

கீழ் வெட்டைப் போட்டதும் அவசரப்படாதீர்கள். தோலுக்குச் சற்றுக் கீழே, ஆழமான கொழுப்புப் படலத்தை எட்டுவதற்கு முன்பே, இடுப்பெலும்பின் முன்முனைக்கும் அந்தரங்க எலும்புக்கும் நடுவில் இந்தச் சிரை நீலக் கோடாகத் தெரியும். மின்கத்தி அதன் மேல் பட்டால் அவ்வளவுதான். மெல்ல விடுவித்து, சில சென்டிமீட்டர் நீளம் கீழ்நோக்கிப் பின்தொடர்ந்து, கிளிப் போட்டு வெட்டி மடலோடு வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. தேவைப்படாமலே போகலாம். தேவைப்படும் நாளில் மடலைக் காப்பாற்றப் போவது அதுதான்.

இப்போது சோதனை. மடல் இன்னும் வயிற்றில், தன் சொந்த நாளங்களோடு இருக்கிறது. நீங்கள் வைத்துக்கொள்ளப் போகிற பெர்ஃபரேட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சிறு கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். 10 நிமிடமாவது காத்திருங்கள். மடலின் ஓரத்தைப் பாருங்கள்: சிவப்பாகக் கசிகிறதா, கறுத்த இரத்தம் வழிகிறதா? பிறகு மேலோட்டச் சிரையை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். தளர்வாக, காலியாக இருந்தால் இரத்தம் ஆழத்துக்கு வழி கண்டுபிடித்துவிட்டது. கயிறுபோல் விறைத்துப் புடைத்திருந்தால் மடலுக்கு இரண்டாவது வடிகால் வேண்டும். கிளிப்பைத் திறந்ததும் கறுத்த இரத்தம் பீறிட்டு வந்து மடலின் நிறம் தெளிந்தால் சந்தேகமே வேண்டாம், அந்தச் சிரையையும் இணைத்தாக வேண்டும்.

ஐ.சி.ஜி. எனப்படும் இண்டோசயனின் கிரீன் சாயம் இங்கே மிகவும் உதவும். கைச் சிரையில் செலுத்திய சிறிது நேரத்தில் மடலை அடைந்து, அகச்சிவப்புக்கு நெருக்கமான ஒளியில் ஒளிரும். கேமராவில் வெளிச்சமாகத் தெரிகிற பகுதிக்கு இரத்தம் போகிறது, இருளாக நிற்கிற பகுதிக்குப் போகவில்லை. 3 முதல் 4 நிமிடத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடுவதால் திரும்பவும் செய்யலாம். ஆனால் மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள். இந்த ஒளி சில மில்லிமீட்டர் ஆழத்தைத்தான் காட்டும்; ஆழத்திலுள்ள கொழுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உடம்பு குளிர்ந்திருந்தாலோ இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தாலோ நல்ல தோலும் இருளாகத் தெரியும். வெளிச்சம் வந்ததை மட்டும் பார்க்காமல், அது மறுபடி மங்குகிறதா என்றும் பாருங்கள். சாயம் வந்து, வெகுநேரம் வெளியேறாமல் தேங்கி நின்றால் அது சிரையின் குரல். சாயத்தில் அயோடைடு உண்டு என்பதால் அந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுக்கக்கூடாது.

படி 8: வெட்டி, இணைத்து, திறந்துவிடுதல்

மார்பில் இணைக்கப் பெரும்பாலும் உள் மார்புத் தமனியும் சிரையும் பயன்படுகின்றன. மூன்றாவது விலாக் குருத்தெலும்பின் ஒரு துண்டை எடுத்துவிட்டு, அல்லது இரண்டு விலாக்களுக்கு இடையிலேயே, இவற்றை அடையலாம். இடப்பக்கச் சிரை பலருக்கு வலப்பக்கத்தைவிட மெலிந்திருக்கும். அக்குளில் உள்ள தொராகோடார்சல் நாளங்கள் மாற்று வழி.

ஆழத் தமனியை அதன் தொடக்கம் வரை பின்தொடர்ந்தால் நல்ல நீளமும் 2 முதல் 3 மி.மீ. விட்டமும் கிடைக்கும். வெட்டுவதற்கு முன், இந்தத் தமனியும் அதன் சிரைகளும் சேர்ந்த நாளக்கொத்தின் ஒரு பக்கத்தில் மையால் நீளக்கோடு போட்டுவிடுங்கள். மார்பில் வைத்த பிறகு கோடு திருகித் தெரிந்தால் நாளமும் திருகியிருக்கிறது. தமனி திருகினாலும் ஓரளவு தாங்கும். மெல்லிய சுவருள்ள சிரை ஒரு சுற்றுத் திருகினாலே மூடிக்கொள்ளும்.

சிரையின் இரு முனைகளையும் கோத்துப் பிடிக்கிற வளையக் கப்ளரால் இணைப்பது இப்போது வழக்கம். தமனியை மிக மெல்லிய 8-0 அல்லது 9-0 நைலான் இழையால் நுண்ணோக்கியின் கீழ் தைப்பார்கள். திறந்துவிட்டதும் சிரை நிறைகிறதா என்று பார்க்க, இணைப்பைத் தாண்டிய பகுதியில் இரண்டு நுண் இடுக்கிகளால் மெல்லப் பிடித்து, இடையிலுள்ள இரத்தத்தை முன்னோக்கி ஒதுக்கி, மடல் பக்கமுள்ள இடுக்கியை விடுங்கள். காலியான பகுதி சட்டென்று நிறைந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது. நாளம் இறுகிச் சுருங்கினால் பாபாவெரின் அல்லது லிக்னோகெயினை மேலே விட்டு, வெதுவெதுப்பான ஸ்பாஞ்சை வைத்துப் பொறுத்திருங்கள்.

மயக்க மருத்துவரோடு பேசிக்கொண்டே இருங்கள். உடம்பு வெப்பம் 36 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. திரவத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் மடல் வீங்கும், வீக்கம் சிரையை நெரிக்கும். அழுத்தத்தைத் தாங்க மருந்து தேவைப்பட்டால் அளவோடு கொடுக்கலாம். மடலுக்கு அது ஆகவே ஆகாது என்ற பழைய பயத்துக்கு இப்போது ஆதாரம் இல்லை.

படி 9: வார்டில் கண்காணித்தல்

இங்கே மடலின் உயிர் செவிலியரின் விரல் நுனியில் இருக்கிறது. சிக்கல்களில் பெரும்பாலானவை முதல் 2, 3 நாளில் வரும். முதல் 24 மணி நேரம் மணிக்கு ஒரு முறை, அடுத்த நாள் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை, பிறகு 4 மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான வழக்கம். உங்கள் மருத்துவமனையின் அட்டவணை வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பணி மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நின்று ஒருமுறை மடலைப் பார்க்க வேண்டும். ஒரே விளக்கொளியில் பார்க்க வேண்டும்.

விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 முதல் 3 வினாடியில் பழைய நிறத்துக்கு வந்தால் நல்லது. வெளிறி, குளிர்ந்து, தொய்ந்து, அழுத்தினால் நிறம் திரும்ப வெகுநேரம் ஆனால் தமனியில் கோளாறு. நீலமாக அல்லது ஊதா நிறமாக மாறி, விம்மி, அழுத்தி எடுத்ததும் கண் இமைப்பதற்குள் நிறம் திரும்பினால் சிரையில் கோளாறு. "நிறம் சீக்கிரம் திரும்புதே, நல்லதுதானே" என்று புதியவர்கள் நினைப்பது இங்கேதான். அளவுக்கு மீறிய வேகம், வெளியேற வழியில்லாமல் இரத்தம் முட்டிக்கொண்டு நிற்பதன் அடையாளம்.

மாநிறமோ கருநிறமோ உள்ள தோலில் இந்த நிற மாற்றம் தாமதமாகத்தான் தெரியும். அவர்களுக்கு வெப்பம், விம்மல், ஊசிச் சோதனை இவற்றையே அதிகம் நம்புங்கள். ஊசிச் சோதனையை மருத்துவர் சொன்னால் மட்டும், நாளக்கொத்து இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளி, மெல்லிய ஊசியால் செய்ய வேண்டும். சற்றுப் பொறுத்துச் செந்நிறத் துளி வந்தால் இயல்பு. ஒன்றுமே வராவிட்டால் தமனி. ஊசியை எடுப்பதற்குள் கறுத்த இரத்தம் வழிந்தால் சிரை.

டாப்ளர் வைக்கும் இடத்தைத் தையல் போட்டு அடையாளம் செய்திருப்பார்கள். தமனி துடிப்பாகவும் சிரை காற்று வீசுவதுபோல் தொடர்ச்சியாகவும் கேட்கும். ஒரு எச்சரிக்கை: சிரை அடைத்த பிறகும் தமனிச் சத்தம் சில மணி நேரம் கேட்கலாம். அடியில் ஓடுகிற மார்பு நாளத்தின் சத்தமும் மடலுடையது போலக் கேட்கலாம். சத்தம் இருக்கிறது என்பதற்காக நீலம் பாரித்த மடலை விட்டுவிடாதீர்கள். திசு ஆக்ஸிஜன் அளவிடும் கருவி இருந்தால், அளவு 30 சதவீதத்துக்குக் கீழே போனாலோ ஒரு மணி நேரத்தில் 20 புள்ளி இறங்கினாலோ உடனே தெரிவியுங்கள்.

படி 10: சந்தேகம் வந்தால்

முதலில் போன். அறுவை செய்த குழுவுக்கு. அது இரவு 3 மணியாக இருந்தாலும் சரி. அடுத்த கண்காணிப்பு வரை பார்ப்போம் என்று தள்ளிவைத்தால் மடலைக் காப்பாற்றும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அவர்கள் வரும்வரை கட்டு இறுக்கமாக இருக்கிறதா, உடையின் பட்டை அழுத்துகிறதா, நோயாளி அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். வடிகுழாயில் திடீரென்று இரத்தம் கூடியிருக்கிறதா, மார்பு விம்மியிருக்கிறதா? உள்ளே தேங்கிய இரத்தம் நாளத்தை நெரித்துக்கொண்டிருக்கலாம். சாப்பாடு, தண்ணீரை நிறுத்தி வையுங்கள்.

தியேட்டரில் மடலைத் திறந்து பார்த்தால் காரணம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும்: திருகல், மடிப்பு, தேங்கிய இரத்தம், இணைப்பில் உறைந்த கட்டி. கட்டியை எடுத்து, மறுபடி இணைத்து, தேவையானால் கட்டி கரைக்கும் மருந்தை மடலுக்குள் மட்டும் செலுத்துவார்கள். சிரை இணைப்பு நன்றாகவே இருந்தும் மடல் நீலமாக இருந்தால், அன்று காப்பாற்றி வைத்த மேலோட்டச் சிரையை மார்பிலுள்ள இன்னொரு சிரையோடு இணைக்க வேண்டியதுதான். இரத்தம் நின்று நேரம் அதிகமாகிவிட்டால் நுண்குழாய்கள் வீங்கி அடைந்துகொள்ளும். அதன் பிறகு பெரிய நாளத்தைத் திறந்தாலும் உள்ளே ஓட்டம் வராது. அவசரத்துக்குக் காரணம் இதுதான்.

ஓரத்தில் மட்டும் தேக்கம் இருந்து, மறு அறுவையால் பயன் இல்லையென்றால் தேங்கிய இரத்தத்தை உறிஞ்ச மருத்துவ அட்டைப்பூச்சிகளை வைப்பதுண்டு. அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் கிருமிக்கு எதிரான ஆன்டிபயாட்டிக் கூடவே கொடுக்க வேண்டும். இரத்த இழப்பையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

சில வாரம் அல்லது சில மாதம் கழித்து மடலில் கெட்டியான கட்டி தட்டுப்பட்டால், அது பெரும்பாலும் இரத்தம் போதாமல் இறந்த கொழுப்பு. ஆனால் கையால் தொட்டு மட்டும் அப்படி முடிவு செய்யக்கூடாது. ஸ்கேன் எடுத்து, சந்தேகம் இருந்தால் ஊசியால் திசு எடுத்துப் பார்த்து, புற்றுநோய் திரும்பவில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சிறியது தானாகவே சுருங்கலாம்; வலித்தாலோ பெரிதாக இருந்தாலோ அகற்றலாம்.

மடலின் தோலுக்கு உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது. சுடுவது தெரியாது, சூட்டைக் கடத்திவிட நாளங்கள் உடனே விரியவும் செய்யாது. வெந்நீர்ப் பை, ஹீட்டிங் பேட் இரண்டையும் அந்த இடத்தில் வைக்கவே கூடாது.

கடைசியாக, இதய நோயைக் கேட்கச் சொன்னதன் காரணம். மடலுக்கு நாம் பயன்படுத்துகிற உள் மார்புத் தமனியைத்தான் இதய பைபாஸ் அறுவையிலும் பயன்படுத்துகிறார்கள், குறிப்பாக இடப்பக்கத்துத் தமனியை. மாரடைப்பு ஆபத்துள்ளவருக்கு இடப்பக்கம் மடல் வைக்கத் திட்டமிட்டால் இதய மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எந்தத் தமனியோடு, எந்தச் சிரையோடு, எந்த விலா மட்டத்தில் இணைத்தீர்கள் என்பதை டிஸ்சார்ஜ் அட்டையில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். நோயாளியும் அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து, பிற்பாடு மார்பில் எந்த அறுவை நடந்தாலும் முதலிலேயே எடுத்துக் காட்ட வேண்டும்.